அந்திக்கு வந்தவனுக்கும் அதே கூலி
(பரிசளிப்பு விழாவில் ஆற்றிய உரை)



தலைமையாசிரியர் என்னைக் கூப்பிட்டபோது, "ஐயா, உங்கள் வேதத்திலிருந்து பிள்ளைகளுக்கு ஒரு கதை சொல்லுங்கள், ஆனால் பிரசங்கமாக இருக்க வேண்டாம்" என்று கேட்டுக்கொண்டார். நியாயம்தான். இங்கே உட்கார்ந்திருப்பவர்களில் முக்கால்வாசிப் பேர் மாரியம்மன் கோயிலுக்குப் போகிறவர்கள். நான் ஞாயிற்றுக்கிழமை மாதா கோயிலுக்குப் போகிறவன். ஆனால் கூலி என்றால் என்ன, வேலை கிடைக்காமல் நிற்பது என்றால் என்ன என்று நம் இரண்டு பேருக்குமே தெரியும். அதனால் கூலி பற்றிய ஒரு கதையையே எடுத்துக்கொண்டேன். மத்தேயு எழுதிய நற்செய்தியில் 20-ஆம் அதிகாரத்தில் இருக்கிறது. இயேசுநாதர் சொன்ன கதை.

ஒரு திராட்சைத் தோட்டத்துக்காரர். விடியற்காலையில் கடைவீதிக்குப் போகிறார். அங்கே வேலைக்காக ஆட்கள் நிற்கிறார்கள். நம் பழைய பெரட்டுக்களத்தை நினைத்துக்கொள்ளுங்கள். ஒரு நாளைக்கு ஒரு தெனாரியம் என்று கூலி பேசி, கொஞ்சம் பேரைத் தோட்டத்துக்கு அனுப்புகிறார். தெனாரியம் என்பது ரோமாபுரி ஆண்ட காலத்து வெள்ளிக்காசு. நாம் ரிங்கிட்டை இன்றைக்கும் 'வெள்ளி' என்றுதானே சொல்கிறோம், அது மாதிரி வைத்துக்கொள்ளுங்கள். ஒரு குடும்பம் ஒரு நாள் வயிறு கழுவ அந்த ஒரு காசு வேண்டும். அதற்குக் குறைந்தால் அன்றைக்கு வீட்டில் யாரோ ஒருவர் பட்டினி.

காலை ஒன்பது மணிக்கு அவர் மறுபடி போகிறார், இன்னும் சிலரை அனுப்புகிறார். மத்தியானம் பன்னிரண்டுக்கு ஒரு தடவை, மூன்று மணிக்கு ஒரு தடவை. கடைசியாக ஐந்து மணிக்கும் போகிறார். ஆறு மணிக்கு வேலை முடிந்துவிடும். அந்த நேரத்திலும் சில பேர் நின்றுகொண்டிருக்கிறார்கள். ஏன் சும்மா நிற்கிறீர்கள் என்று கேட்கிறார். எங்களை யாருமே கூப்பிடவில்லை என்கிறார்கள். சரி, நீங்களும் போங்கள் என்கிறார்.

பொழுது சாய்கிறது. கூலி கொடுக்கிற நேரம். கடைசியில் வந்தவனிலிருந்து ஆரம்பிக்கச் சொல்கிறார். ஒரு மணி நேரம் வேலை செய்தவன் கையில் முழுசாக ஒரு தெனாரியம் விழுகிறது! காலையிலிருந்து வெயிலில் காய்ந்தவர்களுக்கு மனசு குளிர்ந்துபோகிறது. அவனுக்கே ஒன்று என்றால் நமக்கு எவ்வளவோ என்று விரலை மடக்கிக் கணக்குப் போடுகிறார்கள். அவர்களுக்கும் ஒன்றுதான் கிடைக்கிறது. வந்ததே கோபம்!

சின்னப் பிள்ளைகளைக் கேட்கிறேன், இது நியாயமா? அங்கே முன் வரிசையில் ஒரு பையன் "இல்லை" என்று தலையை ஆட்டுகிறான். சபாஷ். நானும் உன் கட்சியில் இருந்தவன்தான் தம்பி. ஏன் என்று சொல்கிறேன்.

1975-ஆம் ஆண்டு. எனக்குப் பதினாறு வயசு, நான்காம் படிவம். ஆகஸ்டு விடுமுறைக்குத் தோட்டத்துக்கு வந்திருந்தேன். அப்போது எங்கள் தோட்டம் முழுக்க ரப்பர். அப்பா பால்மரம் வெட்டுகிறவர். எங்கோ ஒரு மூலையில் வாய்க்கால் ஓரம் லாலான் புல் மண்டிக் கிடந்தது. அதை ஒரே நாளில் சுத்தம் செய்து கொடுத்தால் 38 வெள்ளி என்று காண்ட்ரெக்ட் பேசினார் அப்பா. அப்பா, சித்தப்பா, சித்தி, மாமா, அக்கா, நான். ஆறு பேர். விடிந்ததும் இறங்கிவிட்டோம். லாலான் வேர் இருக்கிறதே, அது பொல்லாதது. பிடுங்கினால் பாதி மண்ணுக்குள்ளேயே நின்றுகொள்ளும். பத்து மணிக்கே என் உள்ளங்கையில் கொப்புளம்.

மத்தியானம் அப்பா தண்ணீர் கொண்டுவரப் போனார். திரும்பி வரும்போது கூட ஒரு பெரியவர் வந்தார், தோளில் மண்வெட்டி. ராசிபுரத்தார் என்று சொல்வோம், ஊர்ப் பேர்தான் அவருக்குப் பேர்.

அவரைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு இது தெரியாது, பெரியவர்கள் பலரும் மறந்துவிட்டார்கள். 1957-இல் நாடு சுதந்திரம் பெற்றபோது, விண்ணப்பம் போட்டுப் பிரஜை ஆனவர்கள் நீலக் கார்டு வைத்திருந்தார்கள். படிப்பில்லாமல், விவரம் சொல்ல ஆளில்லாமல் விட்டுவிட்டவர்கள் கையில் சிவப்புக் கார்டு. பிறகு 1968-இல் ஒரு சட்டம் வந்தது. பிரஜையில்லாதவர்கள் வேலை செய்ய வேண்டுமானால் பெர்மிட் எடுக்க வேண்டும். பிறந்ததிலிருந்து இந்த மண்ணையே மிதித்தவர்கள்கூட அதில் மாட்டிக்கொண்டார்கள். ஆயிரக்கணக்கானோர் மூட்டை கட்டிக்கொண்டு இந்தியாவுக்குக் கப்பலேறினார்கள். ராசிபுரத்தார் ஏறவில்லை. அவர் பெர்மிட் முடிந்துபோய்ப் புதுப்பிக்கப்படாமல் கிடந்தது. ஆனாலும் தினமும் விடியற்காலையில் பெரட்டுக்கு வந்து ஓரமாக நிற்பார். பேர் கூப்பிட்டு முடியும் வரைக்கும் நிற்பார். அவர் பேர் செக்ரோலில் இல்லை என்று அவருக்குத் தெரியும். இருந்தாலும் நிற்பார்.

"கங்காணி கேட்டா நான் பதில் சொல்லிக்கிறேன் அண்ணே, நீங்க வாங்க" என்று அப்பா அவரைக் கூட்டி வந்திருக்கிறார். அவர் எங்களோடு இரண்டு மணியிலிருந்து வெட்டினார். நன்றாகத்தான் வெட்டினார். சாயங்காலம் வேலை முடிந்தது, பணம் வந்தது.

நான் அப்போது கணக்கில் கெட்டி. ராசிபுரத்தார் செய்த வேலை மூன்றில் ஒரு பங்கு. ஆறு பேருக்கு ஆறாறு வெள்ளி 36, அவருக்கு இரண்டு வெள்ளி. ஆக 38. பைசா பிசகாத கணக்கு. அப்பாவும் அப்படித்தான் பிரிப்பார் என்று நினைத்தேன். அவர் சித்தப்பா, சித்தி, மாமா, அக்காவுக்கு ஆளுக்கு ஆறு வெள்ளி கொடுத்தார். ராசிபுரத்தாருக்கும் ஆறு வெள்ளி. மீதி எட்டு. தனக்கு நாலு, எனக்கு நாலு!

காலையிலிருந்து கொப்புளம் வாங்கினவனுக்கு நாலு, மத்தியானம் வந்தவருக்கு ஆறு. பந்து விளையாட ஒரு ஜோடி சப்பாத்துக்குக் காசு சேர்த்துக்கொண்டிருந்தேன். எனக்கு அழுகையே வந்துவிட்டது. வழி நெடுகச் சண்டை போட்டேன். அப்பா அதிகம் பேசுகிறவர் இல்லை. வீட்டு வாசலுக்கு வந்ததும் ஒன்றே ஒன்று கேட்டார்: "ரெண்டு வெள்ளிக்கு அவரு வீட்டு அடுப்பு மூணுல ஒரு பங்குதான் எரியுமாடா?"

எனக்குப் பதில் தெரியவில்லை. கோபமும் போகவில்லை.

அடுத்த மாதம், செப்டம்பரில், பட்டணத்துக் கோயிலுக்குப் பூசைக்குப் போனோம். அன்றைக்குச் சுவாமியார் வாசித்தது இந்தத் திராட்சைத் தோட்டக் கதை. மூன்று வருஷத்துக்கு ஒருமுறைதான் ஞாயிற்றுக்கிழமையில் இது வரும், சரியாக அந்த வருஷம் வந்து மாட்டியது. முறுமுறுத்தவர்களைப் பற்றி வாசிக்கும்போது எனக்கு முகமெல்லாம் சூடாகிவிட்டது. யாரோ சுவாமியாரிடம் கோள் சொல்லிவிட்டார்களோ என்றுகூட நினைத்தேன். பக்கத்தில் அப்பாவைத் திரும்பிப் பார்த்தேன். நல்ல தூக்கம். வாரம் ஆறு நாள் விடிய மூன்று மணிக்கு எழுகிறவர், பிரசங்கம் என்றால் கண்ணை மூடிவிடுவார். இந்தக் கதையை அவர் முழுசாகக் கேட்டிருப்பாரா என்பதே எனக்குச் சந்தேகம்.

பிற்பாடு நான் ஆசிரியராகி, கோயிலில் மறைக்கல்வியும் சொல்லிக்கொடுத்தபோது இந்தப் பகுதியைக் கொஞ்சம் ஆழமாகப் படித்தேன். பழைய ஏற்பாட்டில் லேவியராகமத்திலும் உபாகமத்திலும் ஒரு சட்டம் உண்டு. கூலியாளின் கூலியை மறுநாள் வரை வைத்திருக்கக் கூடாது, பொழுது சாயுமுன் கொடுத்துவிட வேண்டும், ஏனென்றால் அவன் அதை நம்பித்தான் இருக்கிறான் என்று. அந்தத் தோட்டக்காரர் அந்தியில் கூலி கொடுத்தது தாராளத்தினால் மட்டும் அல்ல, சட்டமும் அதுதான். இன்னொன்று. முறுமுறுத்தவர்களைப் பார்த்து எசமான் கேட்கிற கேள்வியில், மூலமான கிரேக்க மொழியில், கெட்ட கண் என்கிற பேச்சு வருகிறது. சில தமிழ் மொழிபெயர்ப்புகளில் பொறாமை என்று போட்டுவிடுகிறார்கள். நம் தாய்மார்களுக்கு விளக்கமே வேண்டாம், கண்ணு போடுறது என்றால் உப்பு மிளகாய் சுற்றுகிறவர்கள் ஆயிற்றே! அடுத்தவன் கையில் விழுந்த காசைப் பார்த்து என் கண் கெட்டுப்போகிறது. என் காசு குறையவில்லை, ஆனாலும் கெட்டுப்போகிறது. (என் விஷயத்தில் இரண்டு வெள்ளி குறைந்தது என்பதையும் இங்கே பதிவு செய்துகொள்கிறேன்.)

கூலியைப் பேசி முடித்துவிட்டால் போதும், இரண்டு பேரும் ஒத்துக்கொண்டால் அது நியாயமான கூலிதான் என்று முதலாளிமார் சொல்லிவந்த காலத்தில், 1891-இல் பாப்பரசர் 13-ஆம் சிங்கராயர் ஒரு சுற்றுமடல் எழுதினார். ஒப்பந்தம் மட்டும் போதாது, தொழிலாளி சிக்கனமாக வாழ்ந்து பிழைப்பதற்குக் கூலி போதுமானதாக இருக்க வேண்டும் என்றார். நம் நாட்டில் குறைந்தபட்சச் சம்பளம் என்று ஒன்று வந்தது 2013-இல். தீபகற்பத்தில் மாதம் 900 வெள்ளி. 2025 பிப்ரவரியில் அது 1,700 ஆனது. தோட்டத்துச் சனங்கள் மாதச் சம்பளம் கேட்டு எத்தனை காலம் குரல் கொடுத்தார்கள் என்பது இங்கே இருக்கும் தாத்தாக்களுக்குத் தெரியும். மழை பெய்தால் மரம் வெட்ட முடியாது, வெட்டாவிட்டால் கூலி இல்லை. ஆனால் மழை பெய்கிறது என்று பிள்ளைக்குப் பசிக்காமல் இருக்குமா?

இன்றைக்கு ரப்பர் போய்ச் செம்பனை வந்துவிட்டது. நம் பிள்ளைகள் பட்டணம் போய்விட்டார்கள். குலை வெட்டுவதற்கு இந்தோனேசியாவிலிருந்தும் வங்காளதேசத்திலிருந்தும் ஆட்கள் வந்திருக்கிறார்கள். இப்போது நம் கையில் நீலக் கார்டு, பெர்மிட்டுக்குப் பயப்படுகிறவர்கள் அவர்கள். சாப்பாட்டுக் கடையில் அவர்களைப் பற்றி நம் ஆட்கள் பேசுகிற பேச்சு சில சமயம் என் காதில் விழுகிறது. ராசிபுரத்தாரைப் பற்றி அந்தக் காலத்தில் மற்றவர்கள் பேசியதும் ஏறக்குறைய அதே பேச்சுதான்.

இது பரிசளிப்பு விழா. எல்லாருக்கும் ஒரே கூலி என்று நான் கதை சொல்லிக்கொண்டிருந்தால், பின்னே இந்தக் கோப்பைகள் எதற்கு என்று கேட்பீர்கள். பரிசு வேண்டியதுதான். ராப்பகலாகப் படித்த பிள்ளைக்கு மேடையில் கைதட்டு வேண்டும், நானே பலமாகத் தட்டுவேன். ஆனால் பெற்றோர்களிடம் ஒன்று. யு.பி.எஸ்.ஆர். பரீட்சை 2021-இல் நின்றுபோனது, அதற்கு முன்னால் ஒவ்வொரு வருஷமும் எத்தனை 'ஏ' என்று வீட்டுக்கு வீடு கேட்டுக்கொண்டு திரிவோமே, அந்த வியாதி இன்னும் முழுசாகப் போகவில்லை. பக்கத்து வீட்டுப் பிள்ளை கோப்பையோடு வந்தால் நம் பிள்ளையின் தட்டில் சோறு விழுகிற சத்தமே மாறிவிடுகிறது. இன்றைக்கு ராத்திரி வெறுங்கையோடு வீட்டுக்கு வருகிற பிள்ளைக்கும் அதே குழம்பு, அதே முட்டை.

ஆசிரியர்களிடமும் ஒன்று சொல்ல எனக்கு உரிமை உண்டு, ஏனென்றால் தப்பு செய்தவன் நான். ஒரு பையன் தினமும் மணி அடித்த பிறகுதான் வருவான். வாசலில் நிறுத்திவைப்பேன். ஒரு மாதம் நிறுத்தினேன். தோட்டக்காரர் ஐந்து மணிக்கு நின்றவர்களை ஏன் என்று கேட்டாரே, அந்தக் கேள்வியை நான் கேட்கவில்லை. கடைசியில் அவன் அக்கா வந்து சொன்னாள். அம்மா விடியுமுன்னே வேலைக்குப் போய்விடுகிறாள், இரண்டு தம்பிகளை எழுப்பிக் குளிப்பாட்டி ஆயாக்கொட்டகையில் விட்டுவிட்டு அவன் ஓடி வருகிறான். என் வகுப்பில் எல்லாருக்கும் முன்னால் எழுந்தவனே அவன்தான்.

ராசிபுரத்தார் என்ன ஆனார் என்று பின் வரிசையில் ஒரு அம்மா கேட்கிற மாதிரி தெரிகிறது. 1976-இல் அவர் கடைசியில் போய்விட்டார், மனைவியோடும் பெண் பிள்ளையோடும், சிதம்பரம் கப்பலில். லோரியில் சாமான் ஏற்றும்போது தோட்டமே போய் நின்றது. நான் போகவில்லை. பரீட்சைக்குப் படிக்கிறேன் என்று அறைக்குள் இருந்துவிட்டேன். கோயிலில் முகம் சிவந்தவன்தான், கதை புரிந்தவன்தான், ஆனாலும் அந்த இரண்டு வெள்ளி உள்ளே எங்கோ உறுத்திக்கொண்டே இருந்தது. அப்பா திரும்பி வந்து, "தம்பி எங்கேன்னு கேட்டாருடா" என்றார். அதற்கு மேல் எதுவும் சொல்லவில்லை. கையில் அவருடைய மண்வெட்டி இருந்தது. அங்கே கொண்டுபோக முடியாது, தம்பியிடம் கொடுங்கள் என்று விட்டுப் போயிருக்கிறார்.

அந்த மண்வெட்டி இன்னும் என் வீட்டில் இருக்கிறது. பிடியை இரண்டு தடவை மாற்றியாகிவிட்டது. இரும்பு அவருடையதுதான். போன வாரம்கூட அதை வைத்துத்தான் வாசலில் புல் வெட்டினேன்.

தலைமையாசிரியர் கடிகாரத்தைப் பார்க்கிறார். பிள்ளைகளும் மேசையிலிருக்கிற கோப்பைகளையே பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்.