மழை நாளில் வீட்டு ஈரம்

பிழைப்பின் பொருட்டு மும்பையில் குடியேறிய நம்மவரிடையே, கூரை ஒழுகினால் சன்னல்களையெல்லாம் திறந்து வைக்கும் வழக்கம் உண்டு. ஊரில் அது பொருந்தும். ஐப்பசி மழை ஓய்ந்ததும் வெயில் எட்டிப் பார்க்கும். இங்கோ ஜூன் முதல் செப்டம்பர் வரை கடற்காற்று ஈரத்தைச் சுமந்தே வருகிறது. கொட்டும் மழையில் திறந்த சன்னல் ஈரத்தைப் போக்குவதில்லை, சேர்க்கிறது.

முதற்கண் மெயின் சுவிட்சை அணைத்தல் வேண்டும். மின்பணியாளர் பார்த்த பின்னரே விளக்கும் விசிறியும். தேங்கிய நீரைத் துடைத்தெடுத்து, பீரோவைச் சுவரிலிருந்து ஒரு முழம் நகர்த்துவோம். நனைந்த மெத்தையையும் துணிகளையும் அவ்வறையினின்று அகற்றுவோம். 24 முதல் 48 மணி நேரம் ஈரம் நின்றாலே பூஞ்சணம் பிடிக்கத் தொடங்கும்; இளைப்பு நோயுள்ள குழந்தைகளுக்கு அது ஆகாது. மழை விட்ட வேளையில் சன்னலைத் திறந்து, மேசை விசிறியை வெளிப்புறம் நோக்கிச் சுழலவிடுவோம்.

பள்ளிச் சான்றிதழ்களும் ஊர் நிலத்தின் பத்திரங்களும் நனைந்திருப்பின், ஒட்டிய தாள்களை இழுத்துப் பிரித்தலாகாது. பிரிந்த தாள்களினிடையே உலர்ந்த வெள்ளைத்தாளை வைத்து, அதை அடிக்கடி மாற்றி, நிழலில் உலர்த்துவோம்.

சுவர் காய்ந்ததா என்றறியக் கண்ணை நம்பலாகாது. ஒரு பாலிதீன் தாளை நாற்புறமும் சுவரில் ஒட்டி ஒரு நாள் விட்டுப் பார்ப்போம். சுவர்ப் பக்கத்தில் நீர் துளிர்த்தால் உள்ளீரம் போகவில்லை. அதன்மேல் பூசும் வண்ணம் கொப்பளித்து உதிரும். முதலில் ஒழுக்கை அடைத்தல், அடுத்து உலர்த்தல், இறுதியில் வண்ணம்: இவ்வரிசை மாறாதிருப்பின் உடல்நலமும் காசும் தப்பும்.