தன் எண்ணைத் தானே கூறும் சில்லு
(சங்கக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



வாணிகம் புரியும் நம் இளைஞர் பலர், ஆர்.எப்.ஐ.டி. என வழங்கும் ரேடியோ அலைச் சில்லினைத் தம் கடைகளிலும் அமைக்கலாமோ என வினவுகின்றனர். அதற்கு விடை கூறவே யான் ஈண்டு நிற்கின்றேன்.

பார்கோடு என்னும் கோட்டுக் குறியைக் கருவி நேரே காணல் வேண்டும். அதுவும் ஒவ்வொன்றாகவே படிக்கும். இச்சில்லோ அட்டைப் பெட்டிக்குள் மறைந்திருப்பினும், கருவி விடுக்கும் அலையினின்றே ஆற்றல் பெற்றுத் தன் எண்ணைத் தானே அறிவிக்கும். ஒரு நொடியிற் பலவற்றை எண்ணிவிடலாம். இத்துணைச் சிறப்புடைய பொருள் விரைந்து பரவாமைக்குக் காரணம் யாது?

2003-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் வால்மார்ட் நிறுவனம், தனக்குச் சரக்கு அனுப்புவோருள் முதன்மையானோர் 100 பேர் 2005 ஜனவரிக்குள் பெட்டிகளில் இச்சில்லினை ஒட்டல் வேண்டும் எனப் பணித்தது. செலவை ஏற்றவர் சரக்கு அனுப்பியோர். இருப்பை உடனறியும் பயனைப் பெற்றதோ வால்மார்ட். ஆதலின் அவருட் பலர், வண்டியேற்றும் வேளையில் வேண்டா வெறுப்பாக ஒட்டி அனுப்பினரேயன்றித் தம் தொழிலில் அதனைப் பயன்கொண்டிலர். திட்டம் எண்ணியவாறு பரவவில்லை.

இரண்டாம் இடர் இயற்கையைச் சார்ந்தது. உலோகம் அலையைத் திருப்பிவிடும். நீர் அதனை விழுங்கிவிடும். மூன்றாவது மக்களின் அச்சம். 2003-இல் இத்தாலியப் பெனட்டன் நிறுவனத்தின் ஆடைகளிற் சில்லு வைக்கப்படும் என்ற செய்தி பரவியபொழுது, அஃது உடுத்துவோரை வேவு பார்க்கும் என நுகர்வோர் எதிர்த்தனர். எவ்வாடையிலும் அதுவரை வைக்கவில்லை என அந்நிறுவனம் அறிவிக்க நேர்ந்தது.

நம் நாட்டிலோ, சுங்கச்சாவடியில் நாம் காட்டும் பாஸ்டாக் இச்சில்லேயாகும். உலோக உடலை விடுத்து முன்கண்ணாடியில் ஒட்டுதல் நோக்கத் தக்கது. 2021 பிப்ரவரியில் அரசாங்கம் அதனைக் கட்டாயமாக்கியது மெய்யே. ஆயினும் அது நிலைபெற்றமைக்கு ஆணை ஒன்றே காரணம் அன்று. ஒட்டியவருக்கே காத்திருக்கும் நேரம் குறைந்தது. நாடு முழுதும் ஒரே முறை நின்றது. வால்மார்ட்டும் ஆடைகளிற் பயன் கண்ட பின்னரே, 2022-இல் வீட்டுப் பொருள் முதலியவற்றிற்கும் இதனை விரித்தது.

ஆதலின், அன்பர்களே! ஜவுளிக்கடை வைத்திருப்போர் இதனை ஆராய்ந்து பார்க்கலாம். பாத்திரக்கடை நடத்துவோர் சற்றே பொறுத்தல் நன்று. உலோகத்தின்மீது இயங்கும் தனிவகைச் சில்லுகள் உளவேனும் அவற்றின் விலை மிகுதி. பெரிய நிறுவனம் பணிக்கின்றது என்பதற்காக எவரும் கடன்பட்டு வாங்கற்க. செலவு எவர் தலையில், பயன் எவர் கையில் என்னும் இரண்டையும் முதற்கண் எழுதிப் பாருங்கள். அவ்விரண்டும் ஒருவரிடத்தே கூடுமாயின் துணிந்து வாங்குக. கூடாதாயின், ஒட்டச் சொல்பவரிடம் செலவிற் பங்கு கேட்க நாணற்க. நம் முன்னோர் கணக்குப் பார்த்தே கடை வளர்த்தனர் அன்றோ?