பங்கோருக்குப் போனால் என்ன சாப்பிடலாம்?

மாசி மாதம் நெருங்கும்போது பேராக் மாநிலத்துத் தோட்டங்களில் ஒரு பேச்சு கிளம்பும். "இந்த வருஷம் பங்கோருக்கு எத்தனை பேர்? வேன் போதுமா, பஸ் பிடிக்கணுமா?" சுங்கை பினாங் கெச்சிலில் கடலைப் பார்த்தபடி வீற்றிருக்கும் பத்திரகாளியம்மன் ஆலயத்தில் மாசி மகத்தன்று திரளும் கூட்டத்தில் தோட்டத்து மக்கள் நிறையப் பேரைப் பார்க்கலாம். தோட்டத்தை விட்டுப் பட்டணத்தில் குடியேறியவர்களும் வருகிறார்கள். பள்ளி விடுமுறையில் பிள்ளைகளோடு கடல் குளிக்கப் போகும் குடும்பங்களும் உண்டு.

வண்டிக்கும் படகுக்கும் கொடுத்தது போக, கையில் மிஞ்சும் பணம் பெரும்பாலும் சாப்பாட்டுக்குத்தான் செலவாகிறது. அந்தப் பணம் நல்ல உணவாக மாறுகிறதா என்பதைத்தான் இன்று பேசப் போகிறேன்.

பங்கோர் என்றதும் 1874ஆம் ஆண்டு ஜனவரி 20ஆம் நாள் கையெழுத்தான ஒப்பந்தத்தைப் பள்ளிப் பிள்ளைகள் சொல்லிவிடுவார்கள். ஆனால் அந்தத் தீவு மக்களுக்குச் சோறு போடுவது ஒரு சின்னஞ்சிறு மீன். அதுதான் நெத்திலி. மலாய்க்காரர்கள் ஈக்கான் பிலிஸ் என்பார்கள்.

நெத்திலி வலையை விட்டு வந்ததும் விரைவில் கெட்டுப்போகும் மீன். ஆகவே, கரைக்குக் கொண்டுவரும்வரை காத்திருக்காமல் படகிலேயே உப்புநீரைக் கொதிக்க வைத்து அவித்துவிடுகிறார்கள். கரை சேர்ந்ததும் பரப்பிக் காயவைக்கிறார்கள். பிறகு அளவு வாரியாகப் பிரிப்பார்கள். சிலவற்றில் தலையையும் குடலையும் கிள்ளி நீக்குவார்கள். கை வேலை கூடுவதால் கிள்ளிய நெத்திலிக்கு விலை அதிகம். ஆனால் வீணாகப் போவது குறைவு என்பதையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.

தீவுக்குப் போகும் நம்மவர்கள் தேடுவது நண்டையும் பெரிய மீனையும்தான். தேடட்டும், தவறில்லை. திருக்கையைச் சம்பால் தடவி வாழையிலையில் வைத்துச் சுட்டுக் கொடுத்தால் வேண்டாம் என்று யார் சொல்வார்கள்? ஆனால் ஒன்று. கடல் உணவுக் கடைகளில் விலைப்பலகையில் இருக்கும் எண் பல நேரங்களில் 100 கிராமுக்கு உரியது. அதைக் கிலோ விலை என்று நினைத்து உட்கார்ந்தால் வம்புதான். 100 கிராம் 7 வெள்ளி என்று வைத்துக்கொள்வோம். 1,200 கிராம் மீன் 84 வெள்ளி ஆகிவிடும். எனவே, மீனைச் சமைக்கச் சொல்வதற்கு முன்பே கண்ணெதிரில் நிறுக்கச் சொல்லுங்கள், மொத்தம் எவ்வளவு என்று கேளுங்கள். கேட்பதற்கு வெட்கம் வேண்டியதில்லை.

தீவில் வாழ்பவர்கள் தினமும் நண்டு சாப்பிடுவதில்லை. காலையில் ஒட்டுக்கடையில் ஒரு பொட்டலம் நாசி லெமாக் வாங்கிப் பாருங்கள். தேங்காய்ப்பால் சோறு, நெத்திலி போட்ட சம்பால், வேர்க்கடலை, வெள்ளரிக்காய், முட்டை. சீனர் வீட்டில் அரிசிக் கஞ்சிக்கு நெத்திலிதான் துணை. நம் தாய்மார்கள் பழைய சோற்றுக்கு வறுத்துத் தந்ததும் அதே நெத்திலிதானே! மூன்று இனத்தாரும் மூன்று விதமாகச் சமைத்தாலும் மீன் ஒன்றுதான். முள்ளோடு மென்று தின்பதால் எலும்புக்கு வேண்டிய சுண்ணாம்புச் சத்தும் வளரும் பிள்ளைகளுக்கு வேண்டிய புரதமும் இதில் கிடைக்கின்றன. ஒரு குடும்பம் அங்கே பசியாறிக் கொள்ளப் பெரிய செலவும் ஆகாது.

மாசி மகத்தன்று விரதம் இருப்பவர்கள் இதையெல்லாம் தொடமாட்டார்கள். அவர்கள் ஆலயத்து அன்னதானத்தில் பசியாறலாம். கையில் வாழைப்பழம் இருந்தால் பிள்ளைகள் அழமாட்டார்கள். நெத்திலி வாங்குவதை வழிபாடெல்லாம் முடிந்து படகுத்துறைக்குத் திரும்பும் நேரத்துக்குத் தள்ளி வையுங்கள். கருவாட்டுப் பொட்டலத்தோடு கோயிலுக்குள் நுழைவது நமக்கும் சங்கடம், பக்கத்தில் நிற்பவருக்கும் சங்கடம்.

இனிக் குடிப்பதைப் பற்றி. வெயிலில் அலைந்து திரும்பினால் பிள்ளைகள் கேட்பது கலர் தண்ணீரைத்தான். 2023ஆம் ஆண்டின் தேசிய சுகாதார ஆய்வுப்படி நம் நாட்டுப் பெரியவர்களில் 15.6 விழுக்காட்டினருக்கு நீரிழிவு இருந்தது. அதாவது, ஏறக்குறைய ஆறு பேரில் ஒருவர். நம் சமூகத்தில் இந்நோயின் பாரம் இன்னும் அதிகம். தாகத்துக்கு முதலில் பச்சைத் தண்ணீர். வீட்டிலிருந்தே காய்ச்சி ஆறவைத்துப் போத்தலில் கொண்டுபோனால் காசும் மிச்சம். அதற்கு மேல் ஆசைப்பட்டால் ஓர் இளநீர். அதில் சீனிப்பாகு ஊற்றாமல் தரச் சொல்லுங்கள். கடையில் தேநீர் கேட்பவர்கள் "தே ஓ கொசோங்" என்றால் சீனியில்லாமல் வரும்.

பனிக்கட்டி விஷயத்தில் கவனம் தேவை. மீன்பிடி ஊரில் மீனைக் கெடாமல் வைக்க உடைக்கும் பனிக்கட்டி வேறு, குடிக்கும் பானத்துக்குரியது வேறு. நடுவில் துளையுள்ள குழாய் வடிவக் கட்டிகள் குடிப்பதற்கென்று ஆலையில் செய்பவை. அதே மாதிரி, கெராங் எனும் சிப்பியை அரைவேக்காட்டில் சாப்பிடும் பழக்கம் பலருக்கு உண்டு. ருசியாக இருக்கலாம், ஆனால் மஞ்சள் காமாலை தரும் கிருமி அதில் தங்கக்கூடும். நன்றாக வெந்ததையே கேளுங்கள். கர்ப்பிணிகளும் முதியவர்களும் இதில் விளையாடக் கூடாது.

2020 ஜனவரி முதல் நாள் தொட்டுப் பங்கோர் தீர்வையற்ற தீவாகிவிட்டது. அதனால் சாக்லெட் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வருகிறார்கள். சாத்தே மீன் பொட்டலமும் பிள்ளைகளுக்குப் பிடிக்கும். அதில் இனிப்பு உண்டு என்பதால் அளவோடு கொடுங்கள். என்னைக் கேட்டால், சாக்லெட் காசில் பாதியை நெத்திலிக்கு ஒதுக்கச் சொல்வேன். அது ஒரு மாதத்துக்குக் கறியாகும். கொடுக்கும் காசும் அங்கே வெயிலில் நிற்பவர் கைக்குப் போய்ச் சேரும்.

வாங்கும்போது ஒரு பிடி அள்ளிப் பாருங்கள். கையில் ஈரம் ஒட்டக் கூடாது. வளைத்தால் ஒடிய வேண்டும். வெள்ளி போல் மினுக்கம் இருக்க வேண்டும். வயிறு கிழிந்து மஞ்சளாகிப் போனது பழைய சரக்கு. முகர்ந்தால் கருவாட்டு மணம் வரலாம், எண்ணெய் சிக்கு வாடை வரக் கூடாது.

வீட்டுக்குக் கொண்டுவந்ததும் ஒரு நாள் வெயிலில் உலர்த்தி, ஆறிய பிறகு மூடியுள்ள டின்னில் போடுங்கள். குளிர்பெட்டி இருந்தால் இன்னும் நல்லது. இரத்த அழுத்தம் உள்ளவர்களுக்குச் சமைக்கும்போது தண்ணீரில் சற்று நேரம் ஊறவைத்து, இரண்டு முறை கழுவிவிட்டுப் போடுங்கள். உப்பு ஓரளவு இறங்கிவிடும். அதற்குப் பிறகு குழம்பில் தனியாக உப்புப் போடும் முன் ஒரு சொட்டு ருசி பார்த்துக்கொள்ளுங்கள்.