பயணத்திலும் ஓட்டம் தொடரட்டும்

(தோட்ட மண்டபத்தில் தகவல் அதிகாரி ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

நாள்தோறும் ஓடுவதைப் பற்றியும், வெளியூர் செல்லும் நாட்களில் உடல்நலத்தைக் காப்பது பற்றியும் உங்களுடன் உரையாட வந்துள்ளோம். "விடியுமுன் பிரட்டுக்குப் போய், வெயில் ஏறும்வரை மரத்துக்கு மரம் நடக்கிறோமே, எங்களுக்கு எதற்கு ஓட்டம்?" என்று உங்களுள் சிலர் நினைக்கக்கூடும். நியாயமான கேள்வி. அதற்கு விடை கூறாமல் மேலே செல்வது முறையாகாது.

பால்வெட்டுத் தொழிலாளி ஒருவர் ஒரு காலைப் பொழுதில் 500 மரங்களுக்கு மேல் வெட்டுவது வழக்கம். அது கடுமையான உழைப்பு என்பதில் ஐயமில்லை. ஆயினும் அந்த நடை நின்று நின்று நடக்கும் நடை. நாலடி வைக்கிறோம், நிற்கிறோம், குனிகிறோம், பட்டையை வெட்டுகிறோம், மங்கைச் சரிசெய்கிறோம், மீண்டும் நாலடி வைக்கிறோம். முதுகும் தோளும் களைத்துப் போகின்றன. இதயமோ, இருபது நிமிடம் இடைவிடாது விரைந்து துடிக்கும் பயிற்சியை அதில் அவ்வளவாகப் பெறுவதில்லை. மேலும், இப்போது பலர் தீம்பாருக்கு மோட்டார் சைக்கிளில் செல்கின்றனர். மழை நாளில் வெட்டு இல்லை. பிள்ளைகளுள் பலர் தொழிற்சாலையில் ஓரிடத்தில் நின்றோ உட்கார்ந்தோ வேலை செய்கின்றனர்.

இதன் விளைவை எண்களில் பார்ப்போம். நம் நாட்டில் 2019-இல் நடத்தப்பட்ட தேசிய சுகாதார ஆய்வின்படி, வயது வந்தோருள் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு இருந்தது. இந்தியரிடையே அது 31.4 விழுக்காடு. அதாவது, ஏறத்தாழ மூவரில் ஒருவர். இம்மண்டபத்தில் அமர்ந்திருக்கும் ஒவ்வொரு வரிசையையும் மூன்று மூன்றாக எண்ணிப் பாருங்கள்.

ஓட்டம் என்றதும் போட்டி ஓட்டத்தை எண்ணி அஞ்ச வேண்டாம். பெரியவர்கள் வாரத்தில் 150 நிமிடமாவது மிதமான உடற்பயிற்சியோ, 75 நிமிடமாவது கடுமையான உடற்பயிற்சியோ செய்ய வேண்டும் என்று உலகச் சுகாதார நிறுவனம் கூறுகிறது. முதல் வாரத்தில் ஒரு நிமிடம் மெல்ல ஓடி, இரண்டு நிமிடம் நடந்தால் போதும். ஓடும்போது அருகில் வருபவரோடு பேச முடிய வேண்டும். பேச்சு வராமல் மூச்சிரைத்தால் வேகம் மிகுதி என்று பொருள். நெஞ்சுவலி, உயர் இரத்த அழுத்தம், நீரிழிவு உள்ளவர்கள் அரசாங்கச் சுகாதார நிலையத்தில் மருத்துவரைக் கேட்ட பிறகே தொடங்குக.

ஓட்டம் ஆண்களுக்கு மட்டும் உரியதன்று. தாப்பாவைச் சேர்ந்த எம். ராஜாமணி அவர்கள் 1966-இல் நாட்டின் சிறந்த விளையாட்டு வீராங்கனை விருதைப் பெற்றார். அதே ஆண்டு பேங்காக் ஆசிய விளையாட்டுப் போட்டியில் மூன்று தங்கம் வென்ற எம். ஜெகதீசன் அவர்கள் மருத்துவரும் ஆவார். 1968-இல் மெக்சிகோ ஒலிம்பிக்கில் 200 மீட்டரை அவர் 20.92 வினாடியில் ஓடி ஏற்படுத்திய தேசியச் சாதனை, 2017 வரை நிலைத்திருந்தது. ஜி. சரவணன் அவர்கள் 1998-இல் கோலாலம்பூர் காமன்வெல்த் போட்டியில் 50 கிலோமீட்டர் நடையில் தங்கம் வென்றார். நடையும் சிறுமைக்குரியதன்று என்பதற்காகவே அவரைக் குறிப்பிடுகிறோம்.

விலையுயர்ந்த காலணி இல்லையே என்று தயங்குவோரும் உண்டு. நீங்கள் தீம்பாருக்கு அணியும் கறுப்பு இரப்பர்க் காலணியைக் 'கம்போங் அடிடாஸ்' என்று ஊரார் வேடிக்கையாக அழைக்கின்றனர். அதையே இன்று மலையேறுவோரும் காட்டுப்பாதையில் ஓடுவோரும் தேடி வாங்குகின்றனர். சேற்றில் வழுக்காது, கழுவினால் உடனே காயும். நீங்கள் வெட்டும் பாலிலிருந்து உருவாகும் பொருளுக்கு அத்தகைய மதிப்பு! ஆனால் அதில் மெத்தை கிடையாது. ஆகவே, தோட்டத்து மண்பாதைக்கு அது ஏற்றது, தார்ச்சாலையில் நெடுந்தூரம் ஓடுவதற்கு ஏற்றதன்று. எதுவாயினும் காலுறை அணிந்தே ஓடுக.

இனி, பயணத்துக்கு வருவோம். இரண்டு மாதம் ஒழுங்காக ஓடியவரின் பழக்கம் பெரும்பாலும் எங்கே முறிகிறது? தோட்டத்தில் அன்று. தைப்பூசத்துக்குப் பத்துமலை, மகள் வீட்டுக்கு ஜொகூர், உறவினர் திருமணத்துக்குப் பினாங்கு என்று புறப்படும் நாளில்தான் முறிகிறது. அன்று ஓட்டம் நிற்கிறது, மாத்திரை வீட்டு அலமாரியிலேயே தங்கிவிடுகிறது, உணவோ விருந்தாக மாறுகிறது. மூன்றும் ஒரே நாளில் நேர்வதுதான் ஆபத்து. நீரிழிவு உள்ளவருக்கு இந்த நாலைந்து நாட்களே போதும், சர்க்கரை அளவு கட்டுக்கடங்காமல் போவதற்கு.

பேருந்தில் அசையாமல் உட்கார்ந்திருப்பதே ஒரு கேடு. நான்கு மணி நேரத்துக்கு மேல் அவ்வாறு பயணம் செய்தால், கால் இரத்தக் குழாய்களில் இரத்தம் உறையும் வாய்ப்பு ஏறத்தாழ இரு மடங்காகிறது என்று உலகச் சுகாதார நிறுவனத்தின் ஆய்வொன்று 2007-இல் தெரிவித்தது. இது அரிதாக வருவதே, எனினும் வந்தால் உயிருக்கே உலை வைக்கும். இருக்கையில் அமர்ந்தவாறே குதிகாலை உயர்த்தித் தாழ்த்துங்கள். பேருந்து ஓய்விடத்தில் நின்றால் இறங்கி, பத்து நிமிடம் விரைந்து நடங்கள். கழிப்பறைக்குச் செல்ல நேருமே என்று தண்ணீர் குடிக்காமல் வரும் தாய்மார்கள் பலர். இதைக் கேட்டுச் சிரிக்கிறீர்கள். ஆனால் அது சரியன்று, அம்மா. பேருந்து நிற்கும்போது சென்று வரலாம், தண்ணீரை மட்டும் நிறுத்த வேண்டாம்.

ஓய்விடத்துக் கடையில் தே தாரிக் கேட்கிறோம். அதில் கெட்டிப்பாலும் சீனியும் சேர்ந்தே வருகின்றன. 'தே ஓ கோசோங்' என்று கேட்டால் பாலும் சீனியும் இன்றிக் கொடுப்பார்கள். விலையும் குறைவு.

சென்ற ஊரில் எங்கே ஓடுவது? கோலாலம்பூரில் தித்திவங்சா ஏரிப் பூங்கா உண்டு, தைப்பிங்கில் 1880-இல் உருவான ஏரிப் பூங்கா உண்டு. பூங்கா இல்லாத அடுக்குமாடி வீடானால், படிக்கட்டே பயிற்சிக்களம். பத்துமலையில் 272 படிகள் இருக்கின்றன. ஆனால் திருவிழா நெரிசலில் அங்கே பயிற்சி செய்ய எண்ண வேண்டாம். சாதாரண நாளில் மெல்ல ஏறி மெல்ல இறங்கலாம். அறியாத ஊர்ச் சாலையில் ஓட நேர்ந்தால், வாகனங்கள் எதிரே வருமாறு சாலையின் வலப்பக்கமாக, வெளிர் நிறச் சட்டை அணிந்து, துணையோடு ஓடுக. வெயில் ஏறுமுன் முடிப்பது நலம். விடியுமுன் எழுவதில் உங்களை மிஞ்ச நகரத்தாரால் ஆகாது!

வெறுங்காலைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். நீரிழிவு நீடித்தால் பாதத்தில் உணர்ச்சி குன்றும். உச்சி வெயிலில் கொதிக்கும் தரையில் வெறுங்காலோடு நடந்தாலும் சுடுவது தெரியாது. மாலையில் கொப்புளம் கண்ணில் பட்ட பிறகே விவரம் புரியும். அக்கொப்புளம் புண்ணாகிப் புரையோடி, விரலையோ காலையோ அகற்றும் நிலைக்குக் கொண்டுபோவதும் உண்டு. ஆதலால், நேர்த்திக் கடன் இருப்பவர்கள் வெயிலுக்கு முன்னதாகவே செல்லுங்கள். இரவில் படுக்குமுன் உள்ளங்காலை விளக்கொளியில் பாருங்கள். பார்வை மங்கிய பெரியவர்களுக்குப் பேரப்பிள்ளைகள் பார்த்துச் சொல்லட்டும்.

இன்சுலின் ஊசியோ சில வகை மாத்திரைகளோ எடுப்பவர்களுக்கு, ஓடிய பின் சர்க்கரை மிகத் தாழ்ந்துவிடக்கூடும். கை நடுங்கி, வியர்த்து, தலை சுற்றினால் உடனே நின்று, மூன்று தேக்கரண்டிச் சீனி கலந்த நீரையோ இனிப்புப் பானத்தையோ அருந்துக. இதற்காகச் சட்டைப் பையில் சீனிப் பொட்டலம் ஒன்று எப்போதும் இருக்கட்டும். இனிப்பே ஆகாதவர் இனிப்பைச் சுமந்து ஓடுவது விந்தையாகத் தோன்றினும், அதுவே அவருக்குக் காப்பு.

தமிழகத்துக்கு விமானத்தில் செல்வோர் மருந்தைப் பெரிய பெட்டியில் வைத்து ஏற்றிவிடாதீர்கள். பெட்டி வழி தவறினால் மருந்தும் தவறிவிடும். இன்சுலினோ சரக்கறைக் குளிரில் உறைந்து பயனற்றதாகிவிடலாம். மருத்துவர் தந்த சீட்டோடு கைப்பையிலேயே கொண்டு செல்லுங்கள். தங்கும் நாட்களுக்குத் தேவையான அளவுக்கு மேல் சில நாட்களுக்கும் சேர்த்து வாங்கிக்கொள்க. பயணத்துக்கு ஒரு வாரம் முன்பே சுகாதார நிலையத்துக்குச் சென்றால் வேண்டிய ஏற்பாட்டைச் செய்துகொள்ளலாம்.

ஐயம் உள்ளவர்கள் இப்போது கேட்கலாம். பாதத்தில் ஆறாத புண் உள்ளவர்கள் கேள்வி நேரம் முடியும்வரை காத்திராமல், நாளைக் காலையே மருத்துவரிடம் செல்ல வேண்டுகிறோம்.