வீட்டுச் சுவரின் ஈரமும் சுவாச நோயும்

(கிராமக் கூட்டுறவுச் சங்க அங்கத்தினர்களுக்குச் செய்த பிரசங்கம்)



ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் பெய்யும் மழை குளத்தை நிரப்பினால் குடியானவன் மகிழ்கின்றான். அம்மழையே வீட்டுச் சுவரில் புகுந்தால் குழந்தைக்கு இருமலும் முதியோர்க்கு இழுப்பும் உண்டாகின்றன. வைத்தியரிடம் மருந்து வாங்கி வந்து, மறுபடியும் அந்த ஈரச் சுவரின் ஓரத்திலேயே குழந்தையைக் கிடத்தினால் மருந்தின் பயன் குறையுமன்றோ?

நனைந்த சுவரிலும் பாயிலும் துணிமூட்டையிலும் பூஞ்சக்காளான் பிடிக்கின்றது. அதினின்று கண்ணுக்குப் புலனாகாத நுண்துகள்கள் பறந்து, மூச்சுடன் உட்சென்று சுவாசக் குழாய்களை உறுத்துகின்றன. ஈரமும் பூஞ்சையும் உள்ள வீடுகளில் வசிப்போர்க்கு இருமல், மூச்சிரைப்பு, ஆஸ்துமா ஆகியவை மிகுதியென்று உலக சுகாதார ஸ்தாபனம் 2009-ஆம் ஆண்டில் வெளியிட்ட வழிகாட்டி கூறுகின்றது.

ஈரம் வரும் வழிகள் மூன்று. முதலாவது, விளக்குத் திரி எண்ணெயை உறிஞ்சுவதுபோல் சுவர் தரையிலுள்ள நீரை உறிஞ்சுவது. இவ்வகையில் சுவரின் அடிப்பாகம் உப்புப் பூத்துப் பொரிந்து நிற்கும். இரண்டாவது, உடைந்த ஓடு வழியாகவும் சுவர் வெடிப்பு வழியாகவும் மழைநீர் இறங்குவது. மூன்றாவது, சமையலின் ஆவியும் உள்ளே உலர்த்தும் துணியின் ஈரமும் மனிதர் விடும் மூச்சும் வெளியேற வழியின்றிச் சுவரிற் படிவது.

இவற்றைப் பகுத்தறிய எளிய சோதனை ஒன்றுண்டு. ஒரு சாண் அளவுள்ள பிளாஸ்டிக் தாளைச் சுவரில் வைத்து நான்கு ஓரங்களையும் ஒட்டி, இரண்டு நாள் கழித்துப் பார்க்கவேண்டும். தாளின் உட்புறம், அதாவது சுவரை ஒட்டிய பக்கம், நனைந்திருந்தால் ஈரம் சுவரின் வழியாய் வருகின்றது. வெளிப்புறம் நனைந்திருந்தால் அறையின் காற்றிலேயே ஈரம் மிகுந்துள்ளது.

காரணத்தை நீக்காமல் சுவரின்மேல் வர்ணம் பூசுவது புண்ணைத் துணியால் மூடுவதை ஒக்கும். சிமெண்டுப் பூச்சும் அவ்வாறே. உள்ளே அகப்பட்ட நீர் இன்னும் மேலே ஏறும். பழைய சுவருக்குச் சுண்ணாம்புப் பூச்சே நன்று, அது ஈரத்தை வெளியே விடும். வீட்டைச் சுற்றி நீர் தேங்காமல் வாட்டமிட்டுக் கால்வாய் எடுக்கவேண்டும். சுவரோரம் குவித்த எருவையும் மண்ணையும் அப்புறப்படுத்தவேண்டும். நெல்மூட்டைகளைச் சுவரினின்று விலக்கிப் பலகையின்மேல் அடுக்கவேண்டும். பிடித்த பூஞ்சையை மூக்கையும் வாயையும் துணியால் மூடிக்கொண்டு சோப்பு நீரால் கழுவி உலர்த்தவேண்டும். இழுப்பு உள்ளவர் இவ்வேலையைச் செய்யலாகாது.

ஈரத்துடன் புகையும் சேர்ந்தால் கேடு இரட்டிப்பாகும். விறகு, வறட்டி முதலியவற்றின் புகை முதலிய வீட்டுக் காற்றின் மாசினால் 2020-ஆம் ஆண்டில் உலகில் சுமார் 32 லட்சம் மக்கள் இறந்தனர் என்பது அதே ஸ்தாபனத்தின் கணக்கு. எரிவாயு அடுப்பு புகையைப் பெரிதும் குறைக்கும். எனினும் அதுவும் நீராவியை வெளியிடுவதால் ஜன்னல் திறந்திருத்தல் அவசியம். விறகடுப்பு உள்ள வீட்டில் புகைபோக்கி வைத்து, அதிற் படியும் கரியை அடிக்கடி நீக்கவேண்டும். குளிருக்கென்று மூடிய அறையில் கரிநெருப்பு வைத்து உறங்குவது உயிருக்கே ஆபத்து; அதினின்று எழும் நச்சுவாயுவுக்கு மணமுமில்லை, நிறமுமில்லை.

இருமல் இரண்டு வாரத்திற்கு மேல் நீடித்தால் ஈரத்தின்மேல் மட்டும் பழி போட்டு இராமல், அரசாங்க வைத்தியசாலையில் சளியைச் சோதிக்கவேண்டும். அது க்ஷயரோகமாகவும் இருக்கலாம். காலத்தில் அறிந்தால் அது தீரும் நோயே.

இவற்றில் பல வேலைகள் ஒரு குடும்பத்தின் கைக்குள் அடங்கியவை. ஆனால் ஒருவர் வீட்டுக் கழிவுநீர் அயலார் சுவரையும் நனைக்கின்றது. தன் சுவரை மட்டும் பூசியவனுக்கு முழுப்பலன் இல்லை. தெருக் கால்வாயை ஒழுங்கு செய்வதும், சுண்ணாம்பும் ஓடும் மொத்தமாய் வாங்குவதும், பழுது பார்க்கச் சிறு கடன் உதவுவதும் சங்கம் செய்யத்தக்க காரியங்கள். புரட்டாசி மாதத்திலேயே அங்கத்தினர் கூடி வீடுவீடாய்ச் சுவர்களைப் பார்வையிட்டால், ஐப்பசி மழை குளத்தில் நிற்கும். குழந்தையின் நெஞ்சில் ஏறாது.