மழைநாளில் ஒரு காகிதப் படகு



மேலை நாடுகளில் இலையுதிர் காலம் வந்ததும், சின்னஞ்சிறு குழந்தைகள் சிவப்பும் மஞ்சளுமான காகிதங்களை இலைகளாக வெட்டி ஒட்டி மகிழ்வார்கள். நம் ஊரில் அந்தக் காலம் வேறொரு கோலத்தில் வருகிறது. ஆண்டை ஆறு பருவங்களாக வகுத்த பண்டைத் தமிழர், ஐப்பசி, கார்த்திகை ஆகிய இரு திங்களையும் கூதிர் என்றனர். சென்னை வட்டாரத்தில் ஓராண்டில் பெய்யும் மழையில் பாதிக்கு மேல், அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான வடகிழக்குப் பருவக்காற்றால் கிடைப்பதே. அம்பத்தூர் ஏரியும், பூந்தமல்லிக்கு அருகேயுள்ள செம்பரம்பாக்கம் ஏரியும் நீர் நிறைந்து காட்சியளிப்பது அந்நாட்களில்தான். ஆகவே, நம் கூதிர் காலத்துக்குரிய காகிதக் கைவேலை இலையன்று, படகே.

மழையை முன்னிட்டுப் பள்ளிக்கும் கல்லூரிக்கும் விடுமுறை விட்ட நாளில், வீட்டிலுள்ள மூன்று நான்கு வயதுத் தம்பியையோ தங்கையையோ அருகில் அமர்த்திக்கொள்ளுங்கள். ஒரு பக்கம் எழுதிய பழைய தாள் ஒன்று போதும்.

தாளை நெடுக்காக வைத்து, மேல் ஓரத்தைக் கீழ் ஓரத்தோடு பொருத்தி இரண்டாக மடியுங்கள். பின் இடவலமாக ஒரு முறை மடித்துப் பிரித்தால் நடுக்கோடு தோன்றும். மேல் மூலைகள் இரண்டையும் அந்தக் கோட்டில் சேரும்படி மடித்தால் கூரை போன்ற முக்கோணம் கிடைக்கும். அடியில் எஞ்சிய பட்டைகளை முன்புறம் ஒன்றும் பின்புறம் ஒன்றுமாக மேலே மடித்து, துருத்தும் முனைகளைச் செருகிவிடுங்கள். இப்போது கையிலிருப்பது தொப்பி. அதன் வாயை விரித்து, எதிர் முனைகள் சேருமாறு அழுத்தினால் சதுரமாகும். சதுரத்தின் திறந்த முனைகளை இருபுறமும் மேலே மடித்து, மறுபடியும் விரித்து அழுத்தினால் சிறு சதுரமாகும். அதன் உச்சியிலுள்ள இரு இதழ்களைப் பக்கவாட்டில் மெல்ல இழுங்கள், படகு பிறந்துவிடும்.

இவ்வளவையும் ஒரு நிமிடத்தில் நீங்களே முடித்துவிடலாம். ஆனால் முதல் மடிப்பும், மடித்த இடத்தை நகத்தால் தேய்ப்பதும், கடைசி இழுப்பும் குழந்தைக்குரியவை. தொப்பியைச் சதுரமாக்கும் கடினமான இடத்தில் மட்டும் நீங்கள் கைகொடுத்தால் போதும்.

இதை நான் கற்றுக்கொண்டதே ஒரு பிழை செய்த பின்னர்தான். அம்பத்தூரில் சென்ற மழைக்காலத்தில் என் பேத்தியோடு படகு செய்ய உட்கார்ந்தேன். அவள் மடித்த ஓரங்கள் ஒன்றோடொன்று பொருந்தவில்லை. நான் அதைப் பிரித்து, நேராக மடித்து, அழகான படகாக்கி அவளிடம் நீட்டினேன். அவள் வாங்கவில்லை. “இது உங்க படகு, தாத்தா. என்னுது எங்கே?” என்றாள். அந்தக் கேள்விக்கு என்னிடம் விடையில்லை. வேறொரு தாளை எடுத்துக் கொடுத்துவிட்டு, கைகளைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தேன். அரை மணி நேரம் சென்றது. அவளது படகு ஒருபுறம் சாய்ந்திருந்தது, ஆயினும் மிதந்தது.

மடிப்பதில் அப்படி என்ன கல்வி இருக்கிறது என்று கேட்பீர்கள். அளவுகோலின்றி நேர்கோடு பிறக்கிறது. நடுக்கோடு நீளத்தைச் சமமாகப் பிரிக்கிறது. மூலையை மடிக்கையில் செங்கோணம் இரு 45 பாகைக் கோணங்களாகிறது. ஜெர்மனியில் 1840-ஆம் ஆண்டில் தம் பள்ளிக்குக் ‘கிண்டர்கார்டன்’ என்று பெயர் சூட்டிய பிரோபெல், காகித மடிப்பையும் குழந்தைகளின் பயிற்சிகளுள் ஒன்றாக வைத்தார். அந்தப் பயிற்சியே சுந்தர ராவ் என்னும் அறிஞரின் சிந்தனையைத் தூண்டிற்று. காகித மடிப்பின் வழியே வடிவகணிதத்தைக் கற்பிக்கும் ஆங்கில நூலொன்றை அவர் 1893-ஆம் ஆண்டில் சென்னையில் வெளியிட்டார். ஜெர்மன் கணித மேதை பெலிக்ஸ் கிளைன் அதனைத் தம் நூலில் எடுத்துக்காட்டினார். 1901-இல் அது சிகாகோவிலும் பதிப்பிக்கப்பட்டது. மழலையின் விளையாட்டு கணித அறிஞர்களின் மேசைக்குச் சென்ற வரலாறு இது.

இறுதியாக ஓர் எச்சரிக்கை. ஆவடியானாலும் அம்பத்தூரானாலும், தெருவில் தேங்கும் மழைநீரில் சாக்கடையும் கலந்திருக்கும். நீருக்கடியில் திறந்த வடிகால் இருந்தாலும் தெரியாது. வீட்டிலேயே ஓர் அகன்ற பாத்திரத்தில் நீர் நிரப்பிப் படகை விடுங்கள். அப்போதும் குழந்தையின் அருகிலேயே இருங்கள். படகின் அடியில் மெழுகுவத்தியைத் தேய்த்துவிட்டால் தாள் எளிதில் நனையாது. அந்தத் தேய்க்கும் வேலையையும் குழந்தையிடமே விட்டுவிடுங்கள்.