மலைவீதியும் மோட்டார் சைக்கிளும்

(சங்கத்தின் கூட்டமொன்றில் நிகழ்த்திய உரை)

 

"இளைஞரும் ஒழுக்கமும்" என்னும் பொருள் பற்றிப் பேசும்படி செயலாளர் அவர்கள் என்னைக் கேட்டுக்கொண்டார். நான் மோட்டார் சைக்கிள் பற்றிப் பேசப் போகிறேன் என்றதும் அவர் சற்றுத் திகைத்துப் போனார். ஆயினும் அன்பர்களே, இன்று நம் பிள்ளைகளின் ஒழுக்கம் பரீட்சிக்கப்படும் இடம் பள்ளிக்கூடம் மட்டுமன்று. கண்டியைச் சுற்றியுள்ள மலைவீதிகளும் அப்பரீட்சையை நடத்துகின்றன. அங்கே தவறியவனுக்கு மறுமுறை எழுதும் வாய்ப்புக் கிடைப்பது அரிது. நம் நாட்டில் வீதி விபத்துகளில் உயிரிழப்போருள் மோட்டார் சைக்கிளில் சென்றோரே பெரும் பங்கினர் என்பதை நீங்கள் அறிவீர்கள்.

முதலில் என் வீட்டுக் கதையைச் சொல்லிவிடுகிறேன். எங்கள் தந்தையார் காலமான பின் தம்பியை வளர்க்கும் பொறுப்பு என்னிடம் வந்தது. அவன் பத்தொன்பது வயதில் மோட்டார் சைக்கிள் பழக வேண்டும் என்று கேட்டான். "இந்த வீட்டு வாசலுக்கு அந்தச் சனியன் வரக்கூடாது" என்று நான் சொல்லிவிட்டேன். அத்துடன் என் கடமை முடிந்தது என்று நினைத்தேன். அவனோ சிநேகிதனின் வண்டியில் களவாகப் பழகினான். ஒரு ஞாயிற்றுக்கிழமை ஹுன்னஸ்கிரியாவுக்கு அப்பால், மகியங்கனைக்கு இறங்கும் வீதியில், ஒரு முடக்கின் நடுவில் எதிரே லொறியைக் கண்டு முன் பிரேக்கை இறுகப் பிடித்தான். வண்டி அவனுக்குக் கீழிருந்து வழுகிப் போயிற்று. லொறிச் சாரதி நல்லவர். நிறுத்தித் தூக்கி ஏற்றினார். உயிர் தப்பியது, ஆனால் அவனுடைய இடது முழங்கால் இன்றைக்கும் முழுதாக மடங்காது. கோயிலில் எல்லோரும் நிலத்தில் அமரும்போது அவன் மட்டும் தூணோடு நிற்பான். அதைப் பார்க்கும் போதெல்லாம் எனக்கு ஒன்று தோன்றும்: என் தடை அவனை மோட்டார் சைக்கிளிலிருந்து காப்பாற்றவில்லை; அதை ஒழுங்காகக் கற்றுக்கொள்வதிலிருந்துதான் தடுத்தது.

அதன் பின்னர் நானே கற்றேன், அவனுக்கும் கற்பித்தேன். நான் கற்றவற்றையே இன்று உங்கள் முன் வைக்கிறேன்.

நம்முடைய வீதிகள் சமவெளி வீதிகள் அல்ல. கொழும்பு - கண்டி வீதி தேசாதிபதி எட்வர்ட் பார்ன்ஸ் காலத்தில், 1820களில், கப்டன் டோசன் முதலியோரால் அமைக்கப்பட்டது. கடுகண்ணாவையில் 1832இல் கட்டி முடிக்கப்பட்ட டோசன் நினைவுக் கோபுரம் இன்றும் நிற்கிறது. மாட்டு வண்டியையும் குதிரையையும் எண்ணி வகுத்த தடத்திலேதான் இன்று பஸ்களும் கொள்கலன் லொறிகளும் ஓடுகின்றன. மகியங்கனை வீதியின் "பதினெட்டு வளைவு" உலகறிந்தது. கம்பளை, புசல்லாவை, றம்பொடை வழியாக நுவரெலியா செல்லும் வீதியையும், தெல்தோட்டை, கலஹாப் பக்கத்துத் தோட்ட வீதிகளையும் நான் சொல்லத் தேவையில்லை. மலையின் போக்குக்கு வளைந்த வீதி நம் அவசரத்துக்காக நிமிராது. வளைய வேண்டியவர்கள் நாமே.

வளைவது என்றால் என்ன? ஒரு சிறுவன் தூணைச் சுற்றி வேகமாக ஓடுகிறான் என்று வைத்துக்கொள்ளுங்கள். அவன் உடல் தூணின் பக்கமாகத் தானே சாய்கிறது. சாயாவிட்டால் வெளிப்பக்கம் விழுந்துவிடுவான். இரு சக்கர வண்டியின் இரகசியமும் இதுதான். எவ்வளவு சாய வேண்டும் என்பதை இரண்டு விஷயங்கள் தீர்மானிக்கின்றன: ஒன்று வேகம், மற்றையது முடக்கின் இறுக்கம். 20 மீற்றர் ஆரை கொண்ட ஒரு முடக்கை எடுத்துக்கொள்வோம். மணிக்கு 30 கிலோமீற்றர் வேகத்தில் போனால் சுமார் 20 பாகை சாய்வு போதும். 40 கிலோமீற்றரில் 32 பாகை வேண்டும். 60 கிலோமீற்றரில் 55 பாகை வேண்டும்! வேகம் இரு மடங்கானால் வண்டியை உள்ளே இழுக்க வேண்டிய விசை நான்கு மடங்காகிறது. இளைஞர்கள் இக்கணக்கை மறக்கவே கூடாது.

தொலைக்காட்சியில் பந்தய வீரர்கள் 60 பாகைக்கு மேலும் சாய்ந்து, முழங்காலை நிலத்தில் தேய்த்துச் செல்வதைப் பார்த்திருப்பீர்கள். அவர்களுடைய ரயர் வேறு, தரை வேறு. எல்லாவற்றுக்கும் மேலாக, அவர்களுக்கு எதிரே பஸ் வருவதில்லை. நம்முடைய சாதாரண ரயருக்கு நல்ல காய்ந்த தார் வீதியில் 35, 40 பாகை வரை பிடிப்பு இருக்கலாம். மழை பெய்தால் அது மிகவும் குறைந்துவிடும். மழை தொடங்கிய முதற் சில நிமிடங்களில், வீதியில் படிந்த எண்ணெயும் தூசியும் நீரோடு கலக்கும்போது, வழுக்கல் மிக அதிகம். மர நிழலில் பாசி, உதிர்ந்த இலை, தோட்டத்து லொறி சிந்திய சேறு, திருத்தவேலை நடந்த இடத்து மணல் - இவை எல்லாம் முடக்கிலேதான் நம்மைக் காத்திருக்கும்.

இப்போது என் தம்பியின் கதைக்குத் திரும்புவோம். அவன் அன்று போன வேகம் 40 கிலோமீற்றருக்கு மேல் இல்லை என்றே சொல்கிறான். நான் அதை நம்புகிறேன். பிறகேன் விழுந்தான்? ரயரின் பிடிப்பை ஒரு ரூபாய் என்று வையுங்கள். நிமிர்ந்து ஓடும்போது அந்த ரூபாய் முழுவதையும் பிரேக்குக்குச் செலவிடலாம். சாய்ந்து திரும்பும்போதோ எண்பது சதம் திரும்புவதற்கே போய்விடுகிறது. மிச்சம் உள்ளது சொற்பம். அந்த நேரத்தில் முன் பிரேக்கை இறுகப் பிடிப்பவன், கையில் இல்லாத பணத்தைச் செலவிடுகிறான். கடன் உடனே திரும்பக் கேட்கப்படுகிறது. அவன் தோற்றது துணிவு இல்லாமையால் அன்று, வரிசை தெரியாமையால்.

அந்த வரிசை இதுதான். முடக்குக்கு முன்னே, வண்டி நிமிர்ந்து நேராக ஓடும்போதே, இரு பிரேக்கையும் மெல்ல அழுத்தி வேகத்தைக் குறையுங்கள். அங்கேயே கியரையும் குறைத்து, கிளச்சை முழுவதாக விட்டுவிடுங்கள். பிறகு முடக்கின் வெளிவாசலைப் பாருங்கள். பிறகு சாயுங்கள். வண்டி திரும்பிக்கொண்டிருக்கும்போது அக்சிலேட்டரை ஒரே சீராக, சிறிதளவு திறந்து வைத்திருங்கள். வெளிவாசல் முழுவதாகத் தெரிந்த பின்னரே வேகத்தைக் கூட்டுங்கள். மெதுவாக நுழைந்தவன் அழகாக வெளியேறுவான். வேகமாக நுழைந்தவன் வெளியேறுவானா என்பதே கேள்வி.

வண்டியைச் சாய்ப்பது எப்படி? இங்கே ஒரு விந்தை உண்டு. இடப்பக்கம் சாய வேண்டுமானால், இடது கைப்பிடியை மெல்ல முன்னே தள்ள வேண்டும். சக்கரம் ஒரு கணம் வலப்பக்கம் திரும்பும். அதனால் வண்டி இடப்பக்கம் சாயும். விமானத்தைக் கண்டுபிடித்த ரைட் சகோதரர்கள் சைக்கிள் கடை நடத்தியவர்கள். அவர்களுள் வில்பர் ரைட் இதைக் கவனித்திருந்தார். சைக்கிள் ஓட்டும் பலர் தாம் அப்படிச் செய்வதையே உணரவில்லை என்றும் கண்டார். நாம் அறியாமலே செய்வதை அறிந்து செய்தால், அவசரத்தில் கை தடுமாறாது.

கண்ணைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். கண் எங்கே போகிறதோ அங்கே வண்டி போகும். பள்ளத்தையே பார்த்துப் பயப்படுபவன் பள்ளத்துக்கே போவான். தலையைத் திருப்பி, போக வேண்டிய இடத்தைப் பாருங்கள். வாழ்க்கைக்கும் இது பொருந்தும் என்று நான் விரித்துரைக்கத் தேவையில்லை.

நாம் இடப்பக்கம் ஓட்டும் நாட்டினர். வலப்பக்கம் திரும்பும் முடக்கில் சக்கரம் நம் பாதிக்குள் இருந்தாலும், சாய்ந்த தலை வெள்ளைக் கோட்டைத் தாண்டி எதிர்ப்பக்கம் நீண்டிருக்கும். வரும் பஸ் கோட்டை ஒட்டி வந்தால் என்னாகும்? ஆகவே அங்கே கோட்டிலிருந்து நன்றாக விலகியே நில்லுங்கள். மறைவான முடக்கில் ஹோர்ன் அடிக்க வெட்கப்பட வேண்டாம்.

இனி, கியர். மலையேற எந்தக் கியர் வேண்டுமோ, அதே கியரில் இறங்கு என்பது பழைய லொறிச் சாரதிகளின் பாடம். அக்சிலேட்டரை மூடியதும் சக்கரம்தான் எஞ்சினைச் சுற்ற வேண்டியிருக்கிறது. அந்தச் சுமை வண்டியைப் பிடித்து நிறுத்துகிறது. கியர் குறையக் குறையப் பிடிப்புக் கூடும். வண்டியும் ஆளும் சேர்ந்து 200 கிலோ என்றால், 100 மீற்றர் உயரம் இறங்கும்போது வெளிப்படும் சக்தி, அரை லீற்றருக்கு மேற்பட்ட தண்ணீரைக் கொதிக்க வைக்கப் போதும். எஞ்சின் தாங்காவிட்டால் அந்தச் சூட்டில் பெரும் பங்கைப் பிரேக்தான் தாங்க வேண்டும். சூடேறிய பிரேக் கையை விட்டுவிடும்.

2022ஆம் ஆண்டுப் பெற்றோல் தட்டுப்பாட்டை நாம் மறக்கவில்லை. கியூ.ஆர். அட்டை வந்தபோது மோட்டார் சைக்கிளுக்கு வாரம் 4 லீற்றர்தான். அந்நாட்களில் நானும் கடுகண்ணாவை இறக்கத்தில் நியூற்றலில் விட்டு இறங்கியதுண்டு. மிச்சம் பிடித்தது சில துளிகள். பணயம் வைத்தது உயிர். அந்தப் பழக்கம் இன்னும் யாரிடமாவது இருந்தால், இன்றோடு விட்டுவிடுங்கள்.

கியரைக் குறைக்கும்போது ஒவ்வொரு படியாகக் குறையுங்கள். ஒரேயடியாக இரண்டு மூன்று தட்டி, கிளச்சைச் சட்டென்று விட்டால் பின் சக்கரம் பூட்டிக்கொண்டு வழுகும். முடக்கின் நடுவில் கியர் மாற்றுவதும் கிளச்சைப் பிடித்தபடி உருளுவதும் கூடாது. கியர் இல்லாத ஸ்கூட்டர் ஓட்டும் தங்கைமாரே, உங்கள் வண்டியில் எஞ்சின் பிடிப்புக் குறைவு. ஆதலால் இறக்கத்தில் தொடக்கத்திலேயே வேகத்தைக் குறைத்து, இரு பிரேக்கையும் விட்டு விட்டுப் பிடியுங்கள்.

பின்னால் அமரும் தாய்மாருக்கும் ஒரு வேண்டுகோள். வண்டி சாயும்போது பயந்து எதிர்ப்பக்கம் நிமிராதீர்கள். ஓட்டுபவரோடு சேர்ந்தே சாயுங்கள். சேலைத் தலைப்பைச் செருகிக்கொள்ளுங்கள். தலைக்கவசத்தின் வாரைப் பூட்டுங்கள். பூட்டாத தலைக்கவசம் விழும்போது தலைக்கு முன்னே ஓடிவிடும்.

இறுதியாகப் பெரியோர்களுக்குச் சொல்கிறேன். மோட்டார் சைக்கிள் இனி நம் வாழ்வை விட்டுப் போகப் போவதில்லை. தோட்டத்திலிருந்து நகருக்கு வேலைக்கு வரும் பிள்ளைக்கும், இரவில் மருந்து வாங்க ஓடும் தகப்பனுக்கும் அதுவே கைகொடுக்கிறது. 18 வயது நிறைந்து, அனுமதிப்பத்திரத்துக்கு முறைப்படி விண்ணப்பிக்கும் பிள்ளையைத் தடுக்காதீர்கள். பக்கத்தில் நின்று கற்பியுங்கள். அந்த வயது நிறையாதவனுக்குச் சாவியைக் கொடுக்காதீர்கள். இளைஞர்களே, வீட்டில் மறைத்துப் பழகாதீர்கள். மறைவில் கற்றது அவசரத்தில் உதவாது.

இந்த ஆண்டுக்குள் நமது சங்கம் ஒரு திறந்த மைதானத்தில் அரைநாள் பயிற்சி நடத்த வேண்டும் என்பது என் விண்ணப்பம். சுண்ணாம்பால் எட்டு வரைவோம்; தகர டின்களை முடக்காக வைப்போம்; பிரேக், கியர், பார்வை, சாய்வு என்ற வரிசையைக் கால் தானாகச் செய்யும் வரை பழக்குவோம். என் தம்பி வருவதாகச் சொல்லியிருக்கிறான். முடக்குக்கு முன்னே எங்கே பிரேக் பிடிக்க வேண்டும் என்று அவனே நின்று காட்டப் போகிறான். அவனைவிடத் தகுந்த ஆசிரியர் நமக்குக் கிடைக்கமாட்டார்.